அப்பாவுக்குப் பிடித்த காவ் சோய்

பாங்காக்
ஜூலை 26

மதிப்புக்குரிய தம்பி சாமிக்கு,

துறவு பூண்டவர்களுக்கு எப்படிக் கடிதம் தொடங்குவது என்று எங்கள் பல் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கும் ஆயாவிடம் கேட்டேன். நான்கு வரி மரியாதை சொன்னாள். நான்கையும் எழுதினால் உன் மேல் இருக்கிற கோபம் ஆறிவிடும் என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

டேய் வீராயுத், வயிறு எப்படி இருக்கிறது?

அப்பா போய் ஒரு வருஷம் ஆன பிறகு, அவர் பெயரில் மழைக்காலம் மூன்று மாதமும் பிக்குவாக இருக்கிறேன் என்று நீ மொட்டை போட்டுக்கொண்டாய். ஊரே அழுதது. நானும் அழுதேன். ஆனால் என் அழுகையில் பாதி உன் குடலை நினைத்து. மே மாதம் இங்கே பாங்காக்கில் உன்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவள் நான். ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எதைத் தின்றால் எத்தனை தடவை ஓடுகிறாய் என்று நோட்டில் குறித்து வைத்தவளும் நான்தான். பால் ஆகாது. கோதுமை ஆகாது. பூண்டும் சின்ன வெங்காயமும் ஆகவே ஆகாது. சோயா சாஸிலும் கோதுமை இருக்கிறது என்று தெரிந்த அன்று கடை நடுவில் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாயே, அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் காவி கட்டுவேன் என்று சத்தியம் செய்தாய். கட்டின அன்று நான் ஊருக்கு வந்தபோது அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "மூணு மாசம் என் கையால எம்புள்ளைக்குச் சாப்பாடு"ன்னாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ வாயைத் திறக்கவில்லை என்று.

அவள் வைத்திருப்பது காவ் சோய் கடை. நூடுல்ஸ் கோதுமை. குழம்பு விழுதில் பூண்டும் வெங்காயமும்தான் பாதி. கூடவே விற்பது ஐஸ் போட்ட பால் டீ. அந்தக் கடையில் உனக்கு ஆகக்கூடியது எலுமிச்சம்பழம் ஒன்றுதான்.

உன் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். அதனால் தபாலில் திட்டுகிறேன். பதில் போடு.

ராத்ரி

*

பான் தொன் சக் விகாரை, லம்பாங்
ஆகஸ்ட் 4

அக்காவுக்கு,

பிக்கு பெண்களுக்கு எழுதினால் 'உபாசகி' என்று தொடங்க வேண்டும் என்பது இங்கே ஒழுங்கு. உன்னை அப்படிக் கூப்பிட்டால் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரும். விட்டுவிட்டேன்.

வயிற்றைக் கேட்டாய், சொல்கிறேன். காலை ஆறு மணிக்குப் பிச்சைப் பாத்திரத்தோடு நடக்கிறோம். போடுவதை வாங்கிக்கொள்வதுதான் வேலை. இது வேண்டும், அது வேண்டாம் என்று வாயைத் திறக்கக் கூடாது. முதல் வாசலில் ஒட்டரிசிச் சோறு போடுகிறார்கள், மனசு குளிர்கிறது. அடுத்த வாசலில் பால் டப்பா. அதற்கடுத்து நூடுல்ஸ் பாக்கெட். அதற்கடுத்து பூண்டு பொரித்துக் கொட்டிய பன்றி இறைச்சி. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை ஊரில் யாரோ நகல் எடுத்து வீடு வீடாக ஒட்டியிருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

அதையெல்லாம் சமாளித்துக்கொள்கிறேன். பாத்திரத்தில் விழுந்ததில் எதைத் தின்றேன் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சோறு, வாழைப்பழம், யாராவது அவித்த முட்டை போட்டால் அன்றைக்கு எனக்குத் திருவிழா. மதியத்துக்கு மேல் எப்படியும் சாப்பாடு கிடையாது.

சமாளிக்க முடியாதது அம்மாவைத்தான். வாராவாரம் வருகிற புனித நாளில், செத்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, அவர்கள் பெயரைச் சொல்லித் தட்டோடு பிக்குவிடம் கொடுப்பார்களே, அம்மா ஒரு வாரம்கூடத் தவறவிட மாட்டாள். காவ் சோய் ஒரு கிண்ணம், பால் டீ ஒரு தம்ளர். எனக்கே விழுந்து கும்பிடுகிறாள், அதுவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கும்பிட்டுவிட்டு எழுந்து போனால் பரவாயில்லை. தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். பிக்கு சாப்பிட்டால்தானே செத்தவருக்குப் போய்ச் சேரும். போய்ச் சேருகிறதா என்று கடைசிச் சொட்டுவரை பார்த்துவிட்டுத்தான் போவாள்.

போன வாரம் கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்தேன். அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "அவருக்குப் பத்தாதுடா... பத்தாது சாமி. அவர் வழிச்சு நக்கிச் சாப்பிடுவார்"ன்னாள். நானும் வழித்துச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு மூன்று நாள் என்ன பாடு பட்டேன் என்று பிரார்த்தனை மண்டபத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிற புல்லைக் கேட்டால் சொல்லும். அங்கே இப்போது ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கிறது. நான்கு கிலோ குறைந்துவிட்டேன்.

தயவுசெய்து அம்மாவிடம் சொல்லாதே. இது என் சாப்பாடாக இருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பேன். இது அப்பாவுடைய சாப்பாடு.

வீராயுத்

*

பாங்காக்
ஆகஸ்ட் 11

தம்பி சாமி,

மரியாதை இவ்வளவுதான். உன் கடிதத்தைக் கிளினிக்கில் உட்கார்ந்து படித்தேன். பல் பிடுங்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து அடுத்த வாரம் வருகிறேன் என்று போய்விட்டார்.

நேற்று அம்மா போன் பண்ணினாள். முக்கால் மணி நேரம் உன் புகழ்தான். "அப்படியே உங்கப்பாதாண்டி. முதல் வாய்க்கு முன்னாடி கண்ணை மூடிக்கிறான் பாரு, அவரும் இப்படித்தான் மூடிக்குவார், ருசியில." ருசியாம். நீ எதற்குக் கண்ணை மூடுகிறாய் என்று எனக்குத் தெரியும். அதைத் தொண்டைவரை கொண்டுவந்து விழுங்கினேன்.

பிறகு அப்பாவின் கேரியர் கதை. நீயும் நானும் ஆயிரம் தடவை கேட்டது. நகரத்து வண்டி நிலையத்தில் அப்பா ஆள் ஏற்றும் சிவப்பு வண்டி ஓட்டிய பதினெட்டு வருஷமும் மதியத்துக்கு அவள் காவ் சோய் அனுப்பினாள். அவர் ஒரு நாள்கூட மிச்சம் கொண்டுவந்ததில்லை. கேரியரைக் கழுவிக்கூடக் கொண்டுவருவார். "எந்தப் புருஷன்டி கழுவிக் கொண்டாருவான்?"

இடையில் மெதுவாக ஆரம்பித்தேன். "அம்மா, சில பேருக்கு வெங்காயம், பூண்டு ஒத்துக்கிறதில்லையாம், டாக்டர் சொல்றாங்க"ன்னேன். "பாங்காக்காரங்களுக்கு எதுதான் ஒத்துக்குது"ன்னு முடித்துவிட்டாள். சரி, இதில் நான் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. மாசாமாசம் அவள் அனுப்புகிற சுட்ட மிளகாய் விழுதைக் கிளினிக் ஆயாவுக்குக் கொடுத்துவிட்டு, தீர்ந்துபோச்சு என்று சொல்கிறவள்தான் நானும். அது வேறு விஷயம். அதனால் என் குடல் ஒன்றும் கிழியவில்லை.

அரிசி நூடுல்ஸ் பத்துக் கட்டு வீட்டு முகவரிக்கு அனுப்பியிருக்கிறேன். காவ் சோயில் மஞ்சள் நூடுல்ஸுக்குப் பதில் அதைப் போடச் சொல்லு. மூன்று வில்லங்கத்தில் ஒன்றாவது குறையட்டும்.

ராத்ரி

*

விகாரை
ஆகஸ்ட் 23

அக்காவுக்கு,

உன் அரிசி நூடுல்ஸ் வந்து சேர்ந்தது. நீ கடைக்கு அனுப்பியதாக நினைத்து அம்மா அதைக் கோழி சூப்பில் போட்டு விற்றுவிட்டாள். நன்றாக ஓடியதாம். இன்னும் இருபது கட்டு அனுப்பச் சொன்னாள்.

நான் கூட்டுப் பிரார்த்தனையில் பாதியில் எழுந்து ஓடுவதைப் பெரிய பிக்கு கவனித்துவிட்டார். கூப்பிட்டு உட்கார வைத்து விசாரித்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, "பிக்கு யார்கிட்டயும் சாப்பாடு கேக்கக் கூடாதுதான். ஆனா வியாதின்னா கேக்கலாம். ரத்த சொந்தம்னா எப்பவுமே கேக்கலாம். உனக்கு ரெண்டும் இருக்கு. உங்கம்மாகிட்ட கேளு"ன்னார். நான் காவி நுனியைத் திருகினேன். "உலகத்துல அந்த ஒரு ஆள்கிட்ட கேக்கறதுக்கு உனக்கு அனுமதி. உனக்கு அந்த ஒரு ஆள்கிட்ட மட்டும் வாய் வரல, அப்படித்தானே?" என்று சிரித்தார். அவருக்குச் சிரிப்பு. என் வயிறு பட்ட பாட்டை அவர் வயிறு பட்டிருந்தால் தெரியும்.

சரி, கேட்டுவிடுவோம் என்று இந்தப் புனித நாளுக்குக் காத்திருந்தேன். அம்மா வந்தாள். தட்டை வைத்தாள். "அம்மா, ஒண்ணு சொல்லணும்"ன்னேன். "தெரியும், இளைச்சுப் போயிட்டே. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்"ன்னாள். அப்பாடா, அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். துணியை விலக்கினாள். கிண்ணம் இரண்டு. "உனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. ஒரே கிண்ணத்தை ரெண்டு பேரும் பங்கு போட்டா எப்படி உடம்பு தேறும்?"

அக்கா, இரண்டையும் தின்றேன்.

நேற்று மூட்டையைக் கட்டினேன். காவியை அவிழ்த்துவிட்டு உன்னிடமே வந்துவிடலாம் என்று. பாதியில் விட்டுவிட்டுப் போனால் அப்பாவுக்குச் சேர வேண்டிய புண்ணியமும் பாதியில் நிற்கும், அம்மா கடைக்கு வருகிறவர்கள் முகத்தில் முழிக்க முடியாது. மூட்டையை அவிழ்த்துவிட்டேன். இன்னும் எத்தனை வாரம் தாங்கும் என்று தெரியவில்லை.

வீராயுத்

*

பாங்காக்
செப்டம்பர் 1

வீராயுத்,

மூட்டை கட்டத் தெரிகிறது, வாயைத் திறக்கத் தெரியவில்லை.

இந்த மாதக் கடைசியில், செத்தவர்கள் பெயரில் பிக்குகளுக்குக் கூடை கொடுக்கிற சலாக் திருவிழா. அன்றைக்குள் நீ சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த நாள் நான் போன் போட்டு டாக்டர் சீட்டை வரி விடாமல் படித்துக் காட்டுவேன். லீவு கிடைக்காததால் உயிரோடு இருக்கிறாய். நேரில் வந்தால் ஊர் நடுவில் நின்று படிப்பேன்.

அம்மா இப்போதே அப்பாவுக்குக் கூடை கட்டத் தொடங்கிவிட்டாளாம். அதில் பால் டப்பா மட்டும் ஆறு. சீட்டுக் குலுக்கலில் அந்தக் கூடை உனக்கு விழாமல் இருக்கட்டும் என்று புத்தருக்குத் தாமரை வைத்திருக்கிறேன்.

ராத்ரி

*

விகாரை
செப்டம்பர் 29

அக்கா,

 எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று சலாக். சுற்றுவட்டாரத்திலிருந்து நாற்பது பிக்குகள். வழக்கம்போல வீட்டுக்கு வீடு கூடை. கூடை யாருக்கு, கொடுப்பது யார் என்று சீட்டில் எழுதி, எல்லாச் சீட்டையும் புத்தர் முன்னால் குவித்துக் கலக்கி எங்களுக்குப் பங்கு வைத்தார்கள். அம்மாவின் சீட்டு பக்கத்து ஊர்ப் பிக்கு ஒருவருக்குப் போயிற்று. உன் தாமரை வேலை செய்துவிட்டது.

எனக்குப் பதினோரு சீட்டு. உரக்கப் படித்துப் படித்துக் கூப்பிட்டேன். வந்தார்கள், கொடுத்தார்கள், ஆசீர்வாதம் சொன்னேன். எட்டாவது சீட்டையும் அதே வேகத்தில் படித்தேன். "இந்தக் கூடை, காலமான புன்மா அவர்களுக்கு. எங்கிருந்தாலும் வந்து பசியாற எடுத்துக்கொள்ளட்டும். கொடுப்பவர் சுமாலி, வண்டி நிலையம், லம்பாங்." படித்து முடித்த பிறகுதான் மண்டையில் ஏறியது. புன்மா நம் அப்பா.

வேறு புன்மாவாக இருக்கும் என்று நினைத்தேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு அம்மாள் கூடையோடு வந்து உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். என் முகத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "அவரேதான். மூக்கும் அவரேதான்"ன்னாள்.

கூடையில் என்ன இருந்தது தெரியுமா? ஒட்டரிசிச் சோறு. சுட்ட மீன். அவித்த பூசணி. இரண்டு முட்டை, ஒரு சீப்பு வாழைப்பழம். விழுது இல்லை, பூண்டு இல்லை, பால் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், இவள் யார், இவளுக்கும் அப்பாவுக்கும் என்ன என்று யோசிப்பதற்கு முன்னால், இது மொத்தத்தையும் நான் தின்னலாமே என்றுதான் தோன்றியது.

அதற்குள் அம்மா வந்துவிட்டாள். பெயர் காதில் விழுந்திருக்கிறது.

"யாரும்மா நீ? என் புருஷனுக்கு நீ எதுக்குச் சோறு போடறே?"

அந்த அம்மாளுக்குச் சூது வாது தெரியவில்லை. கும்பிட்டுவிட்டுச் சொன்னாள்: "பதினெட்டு வருஷமா போட்டேன்கா. இந்த ஒரு வருஷமா போடாம மனசு கேக்கல."

 நாற்பது பிக்குகளும் தரையைப் பார்த்தோம். அம்மா திரும்பி நடந்தாள். செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள்.

அன்றைக்கே கடையைச் சாத்திவிட்டாளாம், இன்றைக்கும் திறக்கவில்லை. அக்கா, உனக்கு ஏதாவது தெரியுமா? அப்பா அப்படிப்பட்டவரா?

நீ கொடுத்த கெடுவில் நான் சொல்லவில்லை. இப்போது போய் என் வயிற்றைப் பற்றி எப்படிச் சொல்வேன்?

வீராயுத்

*

பாங்காக்
அக்டோபர் 4

வீராயுத்,

அம்மா மூன்று நாள் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் எடுத்து, "உங்கப்பாவைப் பத்தி என்கிட்ட பேசாதே"ன்னு வைத்துவிட்டாள்.

வண்டி நிலையத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் குண்டு சோம்சித். அப்பாவின் சாவில் நம்மைவிட அதிகமாக அழுதானே, சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றானே, அவன்தான். போன் பண்ணி, "உண்மையைச் சொல்லுண்ணே, யார் அந்தச் சுமாலி?"ன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு. பிறகு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஐயோ தங்கச்சி, நீங்க நினைக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. சுமாலி ஸ்டேண்டுல சோத்துக்கடை வச்சிருக்கு, அதுக்குப் புருஷன் புள்ளையெல்லாம் இருக்கு. உங்கப்பாவுக்குக் காவ் சோய் ஒத்துக்காது. காலையில வீட்டுல தின்னுட்டு வந்தா அரை மணி நேரம்தான். ரூட்டுல பாதி வழியில வண்டியை ஓரங்கட்டிட்டுக் கரும்புக்காட்டுக்குள்ள ஓடுவாரு. பயணிங்க உக்காந்து பாட்டு கேட்டுக்கிட்டு இருப்பாங்க. பால் டீ குடிச்சா அதுக்கும் ஓட்டம்தான். அதனால மதியம் சுமாலி கடையில வெறும் சோறும் சுட்ட மீனும் திம்பாரு."

"அப்போ அம்மா அனுப்பின கேரியர்?"

 "அண்ணி கை பக்குவம் யாருக்கு வரும் தங்கச்சி. பதினெட்டு வருஷம் நான்தான் தின்னேன். தின்னவன் கழுவித் தரணும்ல, நான்தான் கழுவியும் குடுப்பேன். என் உடம்பைப் பாத்தா தெரியல? அன்னிக்கு அழுதேனே, பாதி உங்கப்பாவுக்கு. பாதி அதுக்கு."

ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மா கடை திறந்த முதல் நாள் ஒரு ஈ காக்கா வரவில்லையாம். அப்பா ஒருத்தர்தான் உட்கார்ந்து மூன்று கிண்ணம் சாப்பிட்டாராம். "உலகத்துல எனக்கு இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்"ன்னு சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் எப்படி மாற்றிச் சொல்வது என்று சோம்சித்திடம் சொல்லிச் சிரிப்பாராம்.

சிரிப்பாராம்! எனக்கு அந்த மனுஷனை எழுப்பி உட்கார வைத்துத் திட்ட வேண்டும்போல இருக்கிறது. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைக்காகப் பதினெட்டு வருஷம் கரும்புக்காட்டில் குத்த வைத்திருக்கிறார். அவர் பிள்ளை அதே வயிற்றை வாங்கிக்கொண்டு, அதே வாயையும் வாங்கிக்கொண்டு, இப்போது புல்லில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறான். அவர் ஆத்மாவுக்கு என்று நீ விழுங்குகிறது அவரே வேண்டாம் என்று கைமாற்றிவிட்ட சாப்பாடு. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அம்மா அங்கே வேறு பெண் என்று நினைத்து வெந்துகொண்டிருக்கிறாள். அவளிடம் இதை நான் சொல்லப்போவதில்லை. நீதான் சொல்லவேண்டும். அப்பாவுடையதையும் சொல்லு, உன்னுடையதையும் சொல்லு.

ராத்ரி

*

விகாரை
அக்டோபர் 10

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அம்மா தட்டு இல்லாமல் வந்தாள். அதே தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். பெரிய பிக்குவும் இருந்தார். சோம்சித் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கரும்புக்காட்டை மட்டும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன், "ஓடுவார்னா எங்க ஓடுவார்?"னு அவளே கேட்டுச் சொல்ல வைத்தாள். பிறகு என்னுடையதைச் சொன்னேன். டாக்டரின் சீட்டைக் காட்டினேன். மூன்று மாதமாகப் பையிலேயே வைத்திருந்ததால் மடிப்பில் கிழிந்துவிட்டது.

வேறு பெண் இல்லை என்று தெரிந்தால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவள் முகம் இன்னும் மோசமாகிவிட்டது.

"வேற பொம்பளைன்னாகூட மன்னிச்சிருப்பேன்"ன்னாள். "நாலு நாள் அழுதுட்டு, செத்தவனோட என்ன சண்டைன்னு விட்டிருப்பேன். வயித்தைக் கலக்குதுன்னு என்கிட்ட சொல்லலையே. முப்பது வருஷம் நான் யாருக்குடா சமைச்சேன்?"

கிழிந்த சீட்டை மடித்துப் பையில் வைத்தேன். 

"கண்ணை மூடிக்குவாரே, அது ருசிக்கு இல்லையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நீ மூடிக்கிட்டதும்?"

அதற்கும் ஆட்டினேன்.  "ரெண்டு கிண்ணம் வச்சேனேடா. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் என்ன அடிக்கவா போறேன்?"ன்னாள். எழுந்து போய்விட்டாள். கும்பிடவில்லை.

பெரிய பிக்கு, "இனி என்ன சாப்பிடுவே?"ன்னார். சோறும் வாழைப்பழமும் என்றேன். வயிறு இப்போது நன்றாக இருக்கிறது. வேறெதுவும் நன்றாக இல்லை.

வீராயுத்

*

பாங்காக்
அக்டோபர் 13

வீராயுத்,

சோம்சித் போன் பண்ணினான், பயந்துபோன குரலில். அம்மா நேற்று வண்டி நிலையத்துக்கே போயிருக்கிறாள். அவனைப் பார்த்து, "நல்லா இருந்துச்சா?"ன்னாளாம். அவன் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டானாம். அந்த உடம்பு எந்த வண்டிக்குப் பின்னால் மறையும்?

நேராகச் சுமாலி கடையில் போய் உட்கார்ந்து, "அவருக்குப் போட்டதை எனக்குப் போடு"ன்னிருக்கிறாள். போட்டிருக்கிறாள். தின்றுவிட்டு அம்மா, "இதுல உப்பே இல்லையே, இதையா தின்னார்?"ன்னாளாம். சுமாலி சிரித்துவிட்டுச் சொன்னாளாம், "அதை ஏன்கா கேக்கறீங்க. உப்பு கம்மி, உப்பு கம்மின்னு தினம் என்கூடச் சண்டை போடுவாரு. ஒரு நாள் விட்டதில்ல."

அம்மா தட்டைத் தள்ளி வைத்தாளாம். பிறகு, "சண்டை போடுவாரா?"ன்னு மறுபடி கேட்டாளாம். "என்கிட்ட ஒரு நாள் போட்டதில்ல"ன்னாளாம். அவ்வளவுதான், வண்டி ஏறிவிட்டாள்.

எனக்கு இதில் எதைச் சரி செய்வது என்று தெரியவில்லை. நாலு நாளில் உன் மூன்று மாதம் முடிகிறது. அம்மா வருவாளா?

ராத்ரி

*

விகாரை
அக்டோபர் 17

அக்கா,

வந்தாள்.

மழைக்கால முடிவு நாள், ஊரே திரண்டிருந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்து, கூட்டம் குறைந்த பிறகு தட்டோடு வந்தாள். மூன்று முறை விழுந்து கும்பிட்டாள். துணியை விலக்கினாள். இரண்டு தட்டு. ஒட்டரிசிச் சோறு, சுட்ட மீன், அவித்த பூசணி. சுமாலியுடையது மாதிரியேதான், ஆனால் மீனை முள் எடுத்து வைத்திருந்தாள். தம்ளரில் வெந்நீர்.

"ஒண்ணு அவருக்கு, ஒண்ணு உனக்கு. சாப்பிடு சாமி"ன்னாள். தூணுக்குப் போகவில்லை. என் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு பிடி எடுத்து மீனோடு வாயில் வைத்தேன். உப்பு இல்லை. சோறு சப்பென்று இருந்தது, பூசணியும் சப்பென்று இருந்தது. கம்மி இல்லை அக்கா, அடியோடு இல்லை. அவ்வளவு நடந்த பிறகு, அவள் முதன்முதலாக எனக்கு என்று யோசித்துச் சமைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இதிலும் குறை சொல்வதா? விழுங்கினேன். இரண்டாவது பிடி எடுத்தேன். அவள் என் கையைப் பார்க்கவில்லை, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தெரிந்தது, நான் கண்ணை மூடப் போகிறேன் என்று.

கையிலிருந்ததைத் தட்டில் வைத்தேன். "அம்மா, உப்பு இல்ல"ன்னேன்.

 நான் மறுபடி சொன்னேன், கொஞ்சம் உரக்கவே. "ஒரு கல்லு உப்புகூட இல்லம்மா. எப்படி இதைத் திங்கறது?"

அம்மா இடுப்புத் துணி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். உப்பு.

"தெரியும். போடல. சொல்றியா விழுங்கறியான்னு பாக்கணும்னு இருந்துச்சு"ன்னாள். பிரித்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது. என் தட்டில் தூவினாள். பிறகு அப்பாவின் தட்டைப் பக்கத்தில் இழுத்தாள்.

"இந்த மனுஷன் இனிமே எங்க சொல்லப் போறாரு? நீயே ரெண்டுக்கும் சேத்துச் சொல்லிட்டே"ன்னு, அதிலும் தூவினாள். நன்றாகவே தூவினாள், சுமாலி போட்டதைவிட அதிகமாக.

இரண்டு தட்டையும் சாப்பிட்டேன். மூன்று மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன். மதியம் பிரார்த்தனையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன்.

நாளைக் காலை கடையைத் திறக்கிறாளாம். திங்கட்கிழமை காவியைக் களைந்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். சோம்சித்துக்கு மட்டும் இனிமேல் கேரியர் கிடையாதாம், கடைக்கு வந்து உட்கார்ந்து காசு கொடுத்துத் தின்னட்டும் என்றாள்.

கிளம்பும்போது திரும்பி வந்து ஒன்று கேட்டாள். அதை உன்னிடம் அப்படியே எழுதச் சொன்னாள். "மாசாமாசம் மிளகாய் விழுது அனுப்பறேனே, ராத்ரி அதை நிஜமா திங்கறாளா?"

என்ன சொல்லட்டும்?

வீராயுத்